கயிறில்லாத பட்டம்



1986ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இவ்வுரையைத் தொடங்குகிறேன். அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து இரண்டாண்டுகள்கூட நிரம்பாத அறிவியல் ஆசிரியன். காவிரிக் கரையிலே ஒரு சிற்றூரில் வேலை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். சிங்கப்பூரிலிருந்து அவன் மாமா வாங்கி வந்த பெட்டி அது. மூடியின்மேல் அழகிய விமானப் படம் இருந்தது. உள்ளே விமானம் இல்லை; மெல்லிய மரத்தகடுகளும் சட்டங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன; மடித்த பெரிய வரைபடம் ஒன்றும் இருந்தது. அவற்றை வெட்டி ஒட்டி விமானத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். பின்பு அதைத் தரையில் நின்றபடியே வானொலி அலையால் ஓட்டலாம்.

அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சார், இதற்கு ரேடியோ வேண்டுமாம். அது பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டுமாம். அதை நாமே செய்ய முடியுமா?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாக, காலாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் விளையாட்டுச் சாமானைப் பள்ளிக்குக் கொண்டுவரலாமா என்று கடிந்துகொண்டு, பெட்டியை வாங்கி ஆய்வுக்கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆண்டு முடிவில் திருப்பித் தருவதாக எண்ணம். ஆனால் ஆண்டு முடிவதற்குள் அவன் தந்தைக்கு வேற்றூருக்கு மாற்றலாகிக் குடும்பமே போய்விட்டது. பெட்டி என்னிடம் தங்கிவிட்டது. பிறகு நான் எந்த ஊருக்கு மாற்றலாகிச் சென்றாலும் அதுவும் என் வீட்டுச் சாமான்களோடு வந்தது, பிரிக்கப்படாமலே வந்தது.

அவன் கேட்ட கேள்விக்கு விடை உண்டு. அதை நான் தேடிப் படிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மனிதன் ஏறிப் பறக்கும் விமானத்தைவிடப் பொம்மை விமானம் வயதில் மூத்தது. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் பாரிஸ் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் சிறிய மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அதன் இயந்திரம் எது தெரியுமா? முறுக்கிய ரப்பர் நாடாதான். முறுக்கு அவிழ அவிழ விசிறி சுழன்றது. விமானம் பதினொரு விநாடி நேரம் பறந்தது. அதன் பெருமை பறந்த நேரத்தில் இல்லை. வால் தகட்டைச் சற்றே சாய்த்து அமைத்தால், யாரும் ஓட்டாமலே விமானம் தன்னைத் தானே சமன்செய்துகொள்ளும் என்பதை அது மெய்ப்பித்தது. மறுநாள், ஆகஸ்டு 19ஆம் நாள், அமெரிக்காவில் ஆர்வில் ரைட் பிறந்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1878இல், ரைட் சகோதரர்களின் தந்தை வீட்டுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கி வந்தார். அது பெனோவின் முறையில் ரப்பரால் சுழன்று மேலெழும் சிறு ஹெலிகாப்டர் பொம்மை. தங்களுக்குப் பறத்தலில் நாட்டம் பிறந்தது அந்தப் பொம்மையால்தான் என்று பின்னாளில் அவ்விருவருமே சொன்னார்கள். அவர்களுடைய ஆசிரியர் யாரும் அதைப் பிடுங்கிப் பூட்டி வைக்கவில்லை போலும்.

1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் சாமுவேல் லாங்லி என்ற அறிஞர் நீராவி இயந்திரம் பொருத்திய ஆளில்லா விமானத்தைப் பொட்டோமாக் ஆற்றின்மேல் செலுத்தினார். அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்து தண்ணீரில் மெல்ல இறங்கியது. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் அருகிருந்து அதைப் படம் பிடித்தார். ஆயினும், கையை விட்டுப் போன பிறகு லாங்லியால் அவ்விமானத்தை ஒன்றும் செய்ய இயலாது. கயிறு அறுந்த பட்டத்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போகும்.

பட்டம் விட்டவர்களுக்கு இதன் பொருள் நன்கு தெரியும். கயிறு இருந்தால் பட்டம் நம்முடையது; அறுந்தால் ஊராருடையது. கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்றைக் கண்டுபிடிப்பதே இவ்வரலாற்றின் சாரம்.

அந்தக் கயிற்றை முதலில் காட்டியவர் நிக்கோலா தெஸ்லா. 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி மண்டபத்தில் தண்ணீர்த் தொட்டி அமைத்து, அதில் ஒரு சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு எதுவும் இல்லாமல் அதை இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். கண்டவர்களில் சிலர், படகின் உள்ளே பழக்கிய குரங்கு ஒன்று ஒளிந்திருக்கிறதோ என்று ஐயுற்றனராம். படகில் இயலுமாயின் விமானத்தில் ஏன் இயலாது என்று நீங்கள் கேட்கலாம். எடையே காரணம். படகு பத்து வீசை பாட்டரியையும் சுமக்கும். மாதிரி விமானத்துக்கோ அரை வீசையே பெரும் பாரம். பின்னர் வந்த வாங்கும் கருவிகளில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. வால்வைச் சூடேற்ற ஒரு பாட்டரியும், அதை வேலை செய்யவைக்க உயர் மின்னழுத்தப் பாட்டரி வேறொன்றும் தேவைப்பட்டன. இவற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு பறக்கும் அளவுக்கு வலிவும், அதே நேரத்தில் இலேசான உடலும் உடைய விமானம் வேண்டும்.

1930களில் இவ்விரண்டு தேவைகளுக்கும் வழி பிறந்தது. உடலுக்குப் பால்சா மரம் கிடைத்தது. தென்னமெரிக்காவில் எக்குவடார் நாட்டில் மிகுதியாக விளையும் அம்மரம், நம் ஊர் முருங்கைக் கட்டையைப் போல நகத்தால் கீறினாலே பதியும். ஆனால் எடையோடு ஒப்பிட்டால் அதன் வலிமை வியக்கத்தக்கது. ஒரு கன அடிப் பால்சா ஏறக்குறைய பத்து ராத்தல்தான் இருக்கும். அதே அளவுத் தேக்கு அதைப்போல நான்கு மடங்கு. இயந்திரத்துக்கு, உள்ளங்கையில் அடங்கும் பெட்ரோல் எஞ்சின் வந்தது. அமெரிக்காவில் பிரவுன் என்ற இளைஞர் உருவாக்கிய 'பிரவுன் ஜூனியர்' எஞ்சின் 1934 முதல் கடைகளில் விற்பனையாயிற்று. சிக்காகோவின் காமெட் நிறுவனம், கிளீவ்லாந்து நிறுவனம், இங்கிலாந்தில் கீல்கிராஃப்ட் நிறுவனம் போன்றவை மரத்தையும் வரைபடத்தையும் பெட்டியிலிட்டுச் சில காசுகளுக்கு விற்றன. பொருளாதாரம் சீர்குலைந்து தந்தையர் வேலையிழந்து நின்ற காலம் அது. அந்தச் சில காசுகளுக்குள் பல மாலைப் பொழுதுகள் அடங்கியிருந்தன என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

1937ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரத்தில் நடந்த தேசியப் போட்டியில், வானொலியால் ஓட்டும் விமானங்களுக்கென முதன்முதலாக ஒரு பிரிவு ஏற்பட்டது. கலந்துகொண்டோர் ஆறு பேர். சில விமானங்கள் எழுந்த வேகத்திலேயே தலைகுப்புற விழுந்து நொறுங்கின. செஸ்டர் லான்சோ என்பவர் கொண்டுவந்ததே அவற்றுள் எடை குறைந்தது, அமைப்பிலும் எளியது. அதுவே சில நிமிடங்கள் பறந்து பரிசையும் பெற்றது.

அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்களில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரத்தைச் சேர்ந்த வால்ட்டர் குட் என்பவரும் ஒருவர். அவருக்கு வில்லியம் என்று இரட்டைச் சகோதரர் உண்டு. ஒருவருக்கு மாதிரி விமானத்தில் பித்து. மற்றவருக்கு வானொலியில் பித்து. வால்ட்டர் விமானத்தைக் கட்டினார். வில்லியம் ரேடியோவைச் செய்தார். இருவரும் அப்பொழுது கல்லூரி மாணவர்களே. 'கஃப்' என்று அவர்கள் பெயரிட்ட அந்த விமானத்தின் சிறகு, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 8 அடி. டெட்ராய்டில் அவ்வாண்டு அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் 1938, 1939, 1940 ஆகிய மூன்றாண்டுகளிலும் அதே விமானம் தேசியப் போட்டியில் வென்றது. போருக்குப் பின் 1947இல் மீண்டும் வென்றது. பத்தாண்டுகள் பறந்தும் நொறுங்காத மாதிரி விமானம் அக்காலத்தில் அரிது. இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விமானக் காட்சியகத்தைச் சேர்ந்திருக்கிறது.

அவர்கள் விமானத்தை எப்படி ஓட்டினார்கள்? இது நீங்கள் ஊன்றிக் கேட்க வேண்டிய பகுதி.

அக்காலத்துக் கருவி விமானத்துக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்லும். அலை உண்டு, அல்லது அலை இல்லை. ஒரே பொத்தான், அழுத்தலாம், விடலாம், அவ்வளவே. இந்த ஒரு சொல்லைக் கொண்டு இடம், வலம், நேர் என்ற மூன்று கட்டளைகளை எவ்வாறு இடுவது? சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பார்த்திருப்பீர்கள். பல்சக்கரம் தன் விசையால் ஓடிவிடாதபடி ஒரு கொக்கி தடுத்துத் தடுத்து விடும். அதே உபாயத்தைத்தான் இங்கும் கையாண்டார்கள். விமானத்தின் உடலுக்குள் முறுக்கிய ரப்பர் நாடா ஒன்று. அதன் நுனியில் சிறு சக்கரம். சக்கரத்தைத் தடுக்கும் கொக்கி. கொக்கியை இழுக்க மின்காந்தம். பொத்தானை ஒரு முறை அழுத்திப் பிடித்தால் சக்கரம் கால் சுற்றுச் சுற்றிச் சுக்கான் வலப்பக்கம் சாயும். விட்டால் மறுபடி கால் சுற்று; சுக்கான் நேராகும். மீண்டும் அழுத்தினால் இடப்பக்கம். வலம், நேர், இடம், நேர் என்று வரிசை மாறாமல் வரும்.

இதில் உள்ள தொல்லையை எண்ணிப் பாருங்கள். கடைசியாகத் திரும்பியது வலமா, இடமா என்பதை ஓட்டுபவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். மறந்தால், மரத்தை விட்டு விலக்க எண்ணி மரத்துக்குள்ளேயே செலுத்திவிடுவார். ரப்பரின் முறுக்குத் தீர்ந்துவிட்டால் கட்டளையும் தீர்ந்தது. மேலும், திருப்பம் எப்போதும் முழுத் திருப்பமே. சற்றே திருப்பு என்று சொல்ல வழியில்லை. இவ்வளவு குறைகளோடும் அவர்கள் விமானத்தை வட்டமிடச் செய்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப இறக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத கயிறு கைக்கு வந்துவிட்டது. என் மாணவன் கேட்டான் அல்லவா, நாமே செய்ய முடியுமா என்று? செய்தவர்கள் அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவர்கள். கடையில் வாங்க முடியாத காரணத்தால் செய்தவர்கள்.

இவ்வரலாற்றில் எல்லாமே கள்ளமற்ற விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. ரெஜினால்டு டென்னி என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரில் விமானப் படையில் பணிபுரிந்தவர். பின்பு ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகரானார். 1934இல் அவர் அங்கே மாதிரி விமானக் கடை ஒன்றைத் திறந்தார். பீரங்கிப் படையினர் சுட்டுப் பழக வானொலியால் ஓடும் குறிவிமானம் பயன்படுமே என்று அவருக்குத் தோன்றிற்று. இங்கிலாந்தில் 1935 முதலே 'குவீன் பீ', அதாவது ராணித் தேனீ, என்ற முழு அளவு விமானத்தை ஆளில்லாமல் பறக்கவிட்டு அவ்வாறு பழகிவந்தனர். டென்னியின் விமானமோ பன்னிரண்டடிச் சிறகுடைய, மாதிரி விமானத்தின் மூத்த அண்ணனைப் போன்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவருடைய 'ரேடியோபிளேன்' தொழிற்சாலை ஏறத்தாழ பதினையாயிரம் விமானங்களைச் செய்து தந்தது. அங்கு வேலை செய்த இளம் பெண் ஒருத்தியை ஒரு படைப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். பின்னாளில் உலகம் அவரை மர்லின் மன்றோ என்று அறிந்தது. அது கிளைக்கதை. நான் சொல்ல வந்தது வேறு. இன்று செய்தித்தாளில் நாள்தோறும் அடிபடும் ஆளில்லாப் போர் விமானங்களின் வம்சாவளியில், அந்த நடிகரின் பொழுதுபோக்குக் கடையும் ஒரு படி. சிறுவர்கள் பசையும் மரமுமாக அமர்ந்து கற்ற வித்தையைப் போர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. எடுத்ததற்கு ஈடாகச் சிலவற்றைத் திருப்பியும் தந்தது: சிறிய வால்வுகள், சிறிய மின்கலங்கள், படையில் வானொலி கற்று வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள்.

போர் முடிந்தது. 1947இல் ரே ஆர்டன் என்பவர் ஒளிர்கம்பி எஞ்சினைக் கொணர்ந்தார். அதனால் தீப்பொறிக்கென எஞ்சினோடு சுமந்துவந்த காயிலும் பாட்டரியும் தேவையற்றுப் போயின. ஆனால் ஒரு பூட்டு மட்டும் திறக்கவில்லை. வானொலி அலையை அனுப்ப வேண்டுமானால் அரசு நடத்தும் தேர்வில் தேறி, அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேரால் அது இயலும்? 1952ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு 27 மெகாசைக்கிள் அருகே ஓர் அலைவரிசையை மாதிரி விமானங்களுக்கென ஒதுக்கித் தேர்வு வேண்டாம் என்றது. ஒரு கையெழுத்துதான்; ஆனால் அதன்பிறகே இக்கலை அறிஞர் சிலரின் ஆய்வுக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது எனலாம். பெட்டி விற்கும் நிறுவனங்களும் ரேடியோ பொருத்துவதற்கென்றே இடம் விட்டு வரைந்த விமானங்களை விற்கத் தொடங்கின.

ஒரு பொத்தானுக்கு ஒரு சுக்கான் என்ற நிலையும் மாறிற்று. இதை விளக்க ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே வெவ்வேறு நீளத்தில் 'ரீடு' என்னும் உலோக நாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்குரிய சுரத்தில்தான் அதிரும். 1950களின் வாங்கும் கருவியில் இவ்வாறே மெல்லிய எஃகு நாக்குகளை வரிசையாக வைத்தனர். தரையிலிருந்து ஒரு சுரத்தை அலையின்மேல் ஏற்றி அனுப்பினால் அதற்குரிய நாக்கு மட்டும் அதிர்ந்து தன் எதிரே உள்ள முனையைத் தொடும். தொட்டால் ஒரு மோட்டார் ஓடும். வலத்துக்கு ஒரு நாக்கு, இடத்துக்கு ஒன்று; மூக்கு உயர ஒன்று, தாழ ஒன்று; எஞ்சின் விரையவும் தணியவும் இரண்டு. பத்து நாக்குகள் இருந்தால் ஐந்து உறுப்புகளை ஆளலாம். 1960ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் இதற்கு முதல் உலகப் போட்டி நடைபெற்றது. சிக்காகோவைச் சேர்ந்த எட் காஸ்மிர்ஸ்கி 'ஓரயன்' என்ற தம் விமானத்தால் வென்றார். அந்த விமானமே பின்பு பெட்டியில் அடைத்து விற்கப்பட்டது. உலகப் போட்டியில் வென்ற விமானத்தைத் தன் வீட்டுத் திண்ணையில் கட்டும் பேறு வேறெந்த விளையாட்டில் கிடைக்கும்?

அப்போதும் 'சற்றே திருப்பு' என்று சொல்ல வழியில்லை. ஓட்டுநர்கள் சாவியைத் தட்டித் தட்டி விட்டு அதைச் சமாளித்தார்கள். அந்தக் குறையை 1960களின் தொடக்கத்தில் டான் மேதஸ், டக் ஸ்ப்ரெங் என்ற இருவர் போக்கினர். அவர்கள் கண்ட முறையின் சாரம் இது. அலை துடிப்புத் துடிப்பாகச் செல்லும். துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே செய்தி. இன்றைய கருவிகளில் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீடித்தால் சுக்கான் நேர். ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஒரு புறம் முழுமையாக. இரண்டு பங்கானால் மறுபுறம் முழுமையாக. இடைப்பட்ட நேரங்களுக்கு இடைப்பட்ட திருப்பங்கள். விமானத்தில் உள்ள 'சர்வோ' என்ற சிறு மோட்டார்ப் பெட்டி, வந்த துடிப்பையும் தான் நிற்கும் நிலையையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும் வரை நகரும். கைக்கோலை நூலளவு அசைத்தால் சுக்கானும் நூலளவே அசையும். இதே முறையில் கருவிகள் செய்து விற்ற பில் கிராஃப்ட் என்பவரே 1967ஆம் ஆண்டின் உலகப் போட்டியில் வென்றார்.

இனி, நான் பூட்டி வைத்த பெட்டிக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு அதைத் திறந்தேன். பால்சா சற்றுப் பழுப்பேறியிருந்ததே தவிரக் கெடவில்லை. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்து, சிறகின் விலா எலும்புகளைக் குண்டூசியால் அந்தந்த இடத்தில் நிறுத்தி ஒட்டினேன். பதினெட்டு விலாக்கள், ஒன்று ஒரு நூல் உயர்ந்திருந்தாலும் சிறகு முறுக்கிக்கொள்ளும். இரண்டு முறை பிரித்து மறுபடி ஒட்டினேன். இடச் சிறகும் வலச் சிறகும் நடுவில் சேருமிடத்தில் சற்றே மேல்நோக்கி வளைய வேண்டும். அப்படி இருந்தால்தான் விமானம் ஒரு பக்கம் சாயும்போது தானே நிமிரும். சிறகின் அகலத்தில் முன்னிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் எடையின் மையம் அமைய வேண்டும். பின்னால் போனால் விமானம் ஓட்டுநர் பேச்சைக் கேளாது. இருபத்தைந்து ஆண்டு காலம் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் புவியீர்ப்பு மையத்தை நடத்தியிருக்கிறேன். இரண்டு விரல் நுனியில் சிறகைத் தாங்கி, மூக்கில் ஈயத் துண்டு ஒட்டி அதைக் கண்டுபிடித்தது அதுவே முதல் முறை. கடைசியாக வண்ணப் பிளாஸ்டிக் உறையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சுருங்கச் செய்தேன். மொத்தம் நான்கு மாதங்கள் ஆயின.

ரேடியோவை நான் செய்யவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டுப் பொறியியல் மாணவர் ஒருவர் மின்மோட்டாரும் ரேடியோவும் பொருத்திக் கொடுத்தார். முன்பெல்லாம் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் இரண்டு விமானங்களும் விழும். அதனால் பறக்கவிடும் மைதானங்களில் பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒரு கிளிப்பு என்று தொங்கவிட்டிருப்பார்களாம். கிளிப்பு கையில் இருப்பவரே கருவியை முடுக்கலாம். 2005ஆம் ஆண்டை ஒட்டி வந்த 2.4 கிகாஹெர்ட்சுக் கருவிகளில் அத்தொல்லை இல்லை. தம் விமானத்தைத் தாமே அடையாளம் கண்டுகொள்கின்றன.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டில் ட்ரோன் விதிகள் வந்துள்ளமையால், எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்பதை முதலில் பார்த்துக்கொண்டோம். அறுவடை முடிந்த வயலில் மாசி மாதத்து மாலை ஒன்றில் அம்மாணவர் விமானத்தை ஏற்றிச் சமன்படுத்தி என் கையில் கருவியைத் தந்தார். போகும் விமானத்தை ஓட்டினேன். அது திரும்பி என்னை நோக்கி வந்தது. எதிரே வரும் விமானத்தின் வலம் நமக்கு இடம் என்று எனக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. வலச் சிறகின் நுனி வரப்பில் மோதியது. அம்மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஒட்டிவிடலாம் சார்" என்றார்.

இவ்வாறு விமானத்தை இழந்து இழந்து வென்ற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது. மேனர்டு ஹில் 1926இல் பிறந்தவர், உலோகவியல் அறிஞர். குட் சகோதரருள் வால்ட்டர் பணிபுரிந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே இவரும் பணிபுரிந்தார். 1970இல் மாதிரி விமானம் ஒன்றை எட்டாயிரம் மீட்டருக்கும் மேல் ஏற்றி உலகச் சாதனை படைத்தார். ஓய்வு பெற்ற பின் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று: அட்லாண்டிக் பெருங்கடலை மாதிரி விமானத்தால் தாண்ட வேண்டும். சர்வதேச விதியின்படி எரிபொருள் உட்பட எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. கடலின் அகலமோ 3,000 கிலோமீட்டர்.

அவரும் நண்பர்களும் பால்சாவால் விமானங்கள் கட்டினார்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை போர்த்தார்கள். பத்து கன செண்டிமீட்டர் எஞ்சினைச் செதுக்கிச் செதுக்கி, துளித்துளியாகக் குடிக்கப் பழக்கினார்கள். 2002ஆம் ஆண்டில் கனடாவின் கிழக்கு முனையிலிருந்து அனுப்பியவை கடலோடு போயின. அதற்குள் ஹில்லின் கண் பார்வை பெரும்பாலும் மங்கிவிட்டது. காதும் சரியாகக் கேட்பதில்லை. தாம் கட்டும் விமானம் பறப்பதை அவரால் தெளிவாகக் காண முடியாது. ஆயினும் மறு ஆண்டுக்கு மேலும் விமானங்கள் கட்டினார். விரல்களுக்குத்தான் வரைபடம் தெரியுமே.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் மாலை, நியூபவுண்டுலாந்தின் ஸ்பியர் முனையிலிருந்து 'டாம்-5' என்ற விமானத்தைக் கையால் எறிந்து விட்டனர். எழும்பும் வரை மனிதர் ஓட்டினர். பின்பு விமானத்துள் இருந்த சிறு கணிப்பொறி, செயற்கைக்கோள்களைக் கேட்டு வழி கண்டு ஓட்டிற்று. இரவில் சில மணி நேரம் அதைப் பற்றிய செய்தியே இல்லை. முந்தியவற்றைப் போல இதுவும் போயிற்று என்று அஞ்சிய வேளையில் மீண்டும் குரல் கொடுத்தது. 38 மணி 52 நிமிடப் பறத்தலுக்குப் பின், ஆகஸ்டு 11ஆம் நாள், அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளிஃப்டன் என்னும் ஊருக்கு அருகே வானில் ஒரு புள்ளி தோன்றியது. அங்கே காத்திருந்த டேவ் பிரவுன் கருவியைக் கையிலெடுத்துக் கண்ணுக்குத் தெரியாத கயிற்றைப் பற்றினார். விமானம் புல்வெளியில் இறங்கியது. ஏறத்தாழ 3,030 கிலோமீட்டர். புறப்படும்போது இருந்த எரிபொருள் நான்கு லிட்டருக்கும் குறைவு. இறங்கியபோது எஞ்சியது ஒரு சிறு கிண்ணத்துக்கும் காணாது. 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை முதன்முதலாக எங்கும் நில்லாமல் தாண்டி வந்து இறங்கிய சதுப்பு நிலம் அதற்கு அருகில்தான் இருக்கிறது. ஹில்லுக்கு அப்போது வயது 77. 2011இல் அவர் காலமானார்.

என் வீட்டில் உள்ள விமானத்தின் பெட்டியை நான் எறிந்துவிடவில்லை. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய பெயரும், 9-ஆ என்ற பிரிவும் இன்னும் தெரிகின்றன. அவருக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். இந்த வானொலி உரையை அவர் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு செய்தி. தம்பி, ரேடியோவை நாமே செய்ய முடியும், செய்திருக்கிறார்கள். உன் பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, விமானமாக இருக்கிறது. நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் என் முகவரி கிடைக்கும். வலச் சிறகின் நுனியில் ஓர் ஒட்டுப் போட்டிருக்கிறேன். அது என்னால் நேர்ந்தது.